வழங்கியும் உலாவியும் இணைந்து தமிழ்ப் பக்கங்களை உருவாக்கும் முறை

இணையப் பக்கம் ஒன்றைப் படிப்பவரின் மொழி, நாடு, நாணயம், நேர வலயம் ஆகியவற்றுக்கு ஏற்ப அமைத்துத் தருவது உள்ளூராக்கம் எனப்படும். இந்த வேலையின் ஒரு பகுதியைப் பக்கத்தை அனுப்பும் கணினியாகிய வழங்கியும், மறு பகுதியை வாசகர் கையிலுள்ள உலாவியும் செய்யுமாறு பங்கிட்டுக்கொள்வது கலப்பு முறைப் பக்க உருவாக்கம் ஆகும். வழங்கியைச் சர்வர் என்றும் உலாவியைப் பிரவுசர் என்றும் பேச்சு வழக்கில் சொல்வர்.

தமிழைப் பொறுத்தவரை இந்தப் பங்கீடு வெறும் வேகக் கணக்கு அன்று. பக்கத்தின் தமிழ்ச் சொற்கள் வழங்கியிலிருந்தே வருகின்றனவா, அல்லது உலாவிக்குள் நிரல் ஓடிய பிறகுதான் தோன்றுகின்றனவா என்பது முக்கியமான கேள்வி. அப்பக்கம் தேடலில் அகப்படுமா, விலை குறைந்த கைப்பேசியில் விரைந்து திறக்குமா, வாட்ஸ்அப்பில் பகிரும்போது தமிழில் தலைப்புக் காட்டுமா, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்குமா என்பவை எல்லாம் அதற்கான விடையில்தான் அடங்கியுள்ளன.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இவ்வூர்ச் சேலைகளை விற்கும் இணையக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொரான்டோவிலும் உள்ள தமிழர் திறந்து பார்க்கின்றனர். இக்கட்டுரையின் விளக்கங்கள் பலவும் இந்தக் கற்பனைக் கடையைக் கொண்டே அமைகின்றன. உண்மையில் இயங்கும் எடுத்துக்காட்டாகத் தமிழ் விக்கிப்பீடியா வருகிறது.

== இரண்டு வழிகள் ==

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் பக்கம் முழுவதும் வழங்கியில்தான் உருவானது. வாசகர் முகவரியைத் தட்டினால், வழங்கி தரவுத்தளத்திலிருந்து செய்தியை எடுத்து, எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் பக்கமாக அடுக்கி அனுப்பும். உலாவி அதைத் திரையில் விரித்துக் காட்டும். 1995-ல் வெளிவந்த பிஎச்பி மொழி இந்த வேலைக்காகவே உருவானது.

2005-ல் ‘ஏஜாக்ஸ்’ என்ற பெயர் பரவியபோது நிலைமை மாறத் தொடங்கியது. பக்கத்தை முழுதாக மறுபடி வரவழைக்காமல், வேண்டிய தரவை மட்டும் பின்னணியில் வாங்கி, உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே திரையை மாற்றி எழுதலாம் என்பது அதன் கருத்து. அடுத்த பத்தாண்டில் இது முற்றிப்போய், வழங்கி ஏறத்தாழ வெற்றுப் பக்கம் ஒன்றை மட்டும் அனுப்ப, மற்ற அனைத்தையும் உலாவியே வரைந்துகொள்ளும் தளங்கள் பெருகின. 2013-ல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் என்ற நிரலகம் இந்தப் போக்கை மேலும் விரைவுபடுத்தியது. அதே ரியாக்டை வழங்கியிலும் ஓட்டி, முதற்பக்கத்தை அங்கேயே உருவாக்கி அனுப்பும் நெக்ஸ்ட் போன்ற சட்டகங்கள் 2016 முதல் வந்தன. ஊசல் ஒரு பக்கம் போய் நடுவுக்குத் திரும்பிய கதை இது.

பட்டுத் தறியை அறிந்தவர்களுக்கு இந்த நடு நிலையை விளக்குவது எளிது. பாவு நூலின் நீளமும் நிறமும் தறிக்கு வருமுன்பே முடிவாகிவிடும். ஊடை நெய்யும்போதுதான் சேரும். இரண்டும் இன்றித் துணி இல்லை. எல்லா வாசகருக்கும் பொதுவானது, முன்கூட்டியே தெரிந்தது வழங்கியில் பாவாக அமைய வேண்டும். அந்த வாசகருக்கு, அந்த நேரத்திற்கு மட்டும் உரியது உலாவியில் ஊடையாகச் சேர வேண்டும்.

== எழுத்துருக்களின் காலம் ==

தமிழ் இணையம் இந்தச் சிக்கலை மற்றொரு வடிவில் முன்பே சந்தித்துள்ளது. ஒருங்குறி பரவுவதற்கு முன், 1990-களின் இறுதியிலும் 2000-களின் முதல் ஆண்டுகளிலும், தமிழ் நாளிதழ்த் தளங்கள் தத்தமக்கென எழுத்துரு வைத்திருந்தன. வழங்கியிலிருந்து வந்தது உண்மையில் தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். அந்தத் தளத்தின் எழுத்துரு வாசகரின் கணினியில் இருந்தால் அவை தமிழ் வடிவமாகத் தெரியும். இல்லையேல் பொருளற்ற குறிகளின் குவியல்தான்.

எழுத்துருவைப் பக்கத்துடனேயே அனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ முறை இதற்கு மருந்தாக வந்தது. மைக்ரோசாஃப்ட் இதற்கென அளித்த கருவியின் பெயர் ‘வெஃப்ட்’. அது ஒரு சுருக்கப் பெயர்தான்; ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஊடை என்றே பொருள். ஆயினும் அக்கருவி உருவாக்கிய கோப்புகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு தாம், தாப் என்னும் பொதுக் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தரநிலையாக ஏற்றது.

அக்காலப் பக்கங்களில் தமிழ் என்பது வாசகரின் கணினியில் கடைசி நொடியில் போடப்பட்ட வேடம். அதனால் தேடுபொறிக்கு அவை தமிழ்ப் பக்கங்களாகவே தெரியவில்லை. எழுத்துருக் கோப்பு தொலைந்தபோது, பழைய பக்கங்களைப் படிக்கும் வழியும் தொலைந்தது. இன்று மொழிபெயர்ப்பை முழுவதும் உலாவியில் செய்யும் தளங்கள், குறியேற்றம் சரியாக இருந்தும், ஏறக்குறைய அதே குழியில் விழுகின்றன. வழங்கி அனுப்பும் பக்கத்தில் ஆங்கிலமோ வெறுமையோதான் இருக்கிறது. தமிழ் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது.

== தமிழ் விக்கிப்பீடியா ==

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கலப்பு முறைக்கு நீண்ட காலமாக நடைமுறையில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு. அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. கட்டுரையின் உரை, தலைப்பு, பட்டி, இணைப்புகள் எல்லாம் வழங்கியிலேயே தமிழில் உருவாகி வருகின்றன. ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து, கணக்கில் நுழையாத அனைவருக்கும் அதே பிரதியை வழங்குகின்றனர். சிங்கப்பூரில் 2018 முதல் இயங்கும் தரவு மையம் போன்ற இடங்களில் இப்பிரதிகள் தங்குவதால், ஆசிய வாசகர் ஒருவருக்காக அமெரிக்கா வரை ஒவ்வொரு முறையும் போய்வர வேண்டியதில்லை.

உலாவிக்கு ஒதுக்கப்பட்ட பங்கு சிறியது, ஆனால் இன்றியமையாதது. தமிழில் தட்டச்சு செய்யும் வசதி அதில் முதன்மையானது. தமிழ்99, பாமினி, இன்ஸ்கிரிப்ட், எழுத்துப்பெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகளைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விசையையும் தட்டும்போது எந்த எழுத்து வரவேண்டும் என்பதை வழங்கியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வாசகரின் கணினியிலேயே முடிவாக வேண்டும். எனவே அது ஜாவாஸ்கிரிப்டின் வேலை.

இடைமுகச் சொற்களை ‘டிரான்ஸ்லேட்விக்கி’ என்ற தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கின்றனர். அதே சேமிப்பிலிருந்துதான் வழங்கியும் எடுக்கிறது, உலாவியும் பெறுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் கூறு ஒவ்வொன்றும் தனக்கு எந்தெந்தச் சொற்றொடர்கள் தேவை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அவை மட்டும், வாசகரின் மொழியில் மட்டும், கூறுடன் சேர்ந்து செல்லும். பல தளங்கள் எல்லா மொழிகளின் எல்லாச் சொற்றொடர்களையும் மூட்டையாகக் கட்டி எல்லாருக்கும் அனுப்புவதோடு இதை ஒப்பிட்டால் சிக்கனம் விளங்கும். பழைய உலாவிகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பப்படுவதே இல்லை. அப்போதும் கட்டுரையைப் படிக்கலாம்.

== எந்த மொழி என்பதை யார் முடிவு செய்வது ==

ஒவ்வொரு கோரிக்கையுடனும் உலாவி தன் விருப்ப மொழிகளின் பட்டியலை வழங்கிக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்து மொழியை முடிவு செய்யலாம் என்று தோன்றும். தமிழ்நாட்டில் இது அடிக்கடி தவறிப்போகும். தமிழில் படிக்க விரும்பும் பலரின் கைப்பேசி அமைப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. வாங்கியபோது இருந்த நிலையை யாரும் மாற்றுவதில்லை. உலாவி ‘இந்திய ஆங்கிலம்’ என்று சொல்ல, வழங்கியும் ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்துவிடும். சேமித்த பிரதியை வழங்கும் முறைக்கும் இது இடையூறு. ஒரே முகவரிக்கு மொழிக்கொரு பிரதி வைக்க நேரிடும்.

மொழியை முகவரியிலேயே குறிப்பதுதான் உறுதியான வழி. விக்கிப்பீடியா முகவரியின் முன்னொட்டாக மொழிக்குறியை வைக்கிறது. ஆரணிக் கடையும் தமிழுக்கு ஒன்றும் ஆங்கிலத்துக்கு ஒன்றுமாக இரு முகவரிகள் வைத்து, ஒன்று மற்றொன்றின் மொழிவடிவம் என்பதைப் பக்கத் தலைப்பகுதியில் குறித்துவிட்டால் போதும். கூகுளின் தேடல் ஊர்தி பெரும்பாலும் விருப்ப மொழிப் பட்டியலை அனுப்புவதில்லை என்பதால், தனி முகவரி இல்லாத தமிழ்ப் பக்கம் அதன் கண்ணில் படாமலே போகலாம். வாசகரின் பட்டியலில் தமிழ் இருந்தால், உலாவி நிரல் ‘இதைத் தமிழிலும் படிக்கலாம்’ என்று ஒரு வரி காட்டலாம். கேட்காமல் இழுத்துக்கொண்டு போவது நல்ல பழக்கம் அன்று.

வாட்ஸ்அப் விஷயமும் இங்கேதான் வருகிறது. சேலைப் பக்கத்தின் இணைப்பை ஒருவர் குடும்பக் குழுவில் இட்டால், அதனுடன் ஒரு படமும் தலைப்பும் தோன்றும். இத்தலைப்பை எடுக்கும் நிரல் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. வழங்கி அனுப்பிய எச்டிஎம்எல்லில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. உலாவியில் மட்டும் தமிழாகும் பக்கம், குழுவில் ஆங்கிலத் தலைப்புடனோ வெறும் கடைப்பெயருடனோ நிற்கும். சிறு வணிகருக்கு விளம்பரமே இந்த முன்னோட்டம்தான்.

பக்கத்தின் மொழியைக் குறிக்கும் பண்புக்கூறும் வழங்கியிலிருந்தே சரியாக வரவேண்டும். திரைவாசிப்பான் மென்பொருள் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்கிறது. உரை தமிழாக மாறியும் பண்புக்கூறு ஆங்கிலமாகவே நின்றுவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும், அல்லது அப்படியே விட்டுவிடும். கண்ணால் பார்ப்பவருக்கு இக்குறை தெரியாது என்பதால் பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடப்பதும் உண்டு.

== உயிரூட்டலும் பொருந்தாமையும் ==

ரியாக்ட் போன்ற நிரலகங்களில் கலப்பு முறை இப்படி நடக்கிறது. வழங்கி பக்கத்தை உருவாக்கி அனுப்புகிறது. வாசகர் உடனே படிக்கத் தொடங்கலாம். ஆனால் பொத்தான்கள் அப்போது படம் போலத்தான், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததும், அதே பக்கத்தை உலாவிக்குள் மீண்டும் ஒருமுறை கணக்கிட்டு, ஏற்கெனவே திரையில் உள்ளதோடு பொருத்தி, பொத்தான்களுக்கு இயக்கம் தருகிறது. இதை உயிரூட்டல் என்று சொல்லலாம்.

இரு பக்கக் கணக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வாவிட்டால் நிரலகம் எச்சரிக்கும். 2022-ல் வந்த ரியாக்ட் 18 முதல், சில பொருந்தாமைகளுக்கு அந்தப் பகுதியையே தூக்கிவிட்டு உலாவியில் புதிதாக வரைந்துவிடும். வாசகருக்குப் பக்கம் ஒருமுறை துடிப்பது போலத் தெரியும். உள்ளூராக்கம் செய்த பக்கங்களில் இந்தப் பொருந்தாமை மிகுதி. ஏனெனில் தேதி, எண், நேரம் மூன்றும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

எண்ணை எடுத்துக்கொள்வோம். சேலையின் விலை 124500 ரூபாய். இந்தியத் தமிழுக்கான வடிவமைப்பில் அது 1,24,500 என்று வரும். சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் ஆகியவற்றுக்கு அதே எண் 124,500 என்று அமையும். உலகின் மொழிகளுக்கு இத்தகைய விதிகளைத் தொகுத்து வைத்துள்ள சிஎல்டிஆர் என்னும் தரவகத்தின்படி இவை இரண்டும் சரியே. வழங்கி இந்திய வடிவில் எழுதி அனுப்ப, உலாவி தன் இயல்பிருப்பு நாட்டைக் கொண்டு சிங்கப்பூர் வடிவில் கணக்கிட்டால் கால்புள்ளி இடம் மாறும், பொருந்தாமை எழும். எந்த நாட்டு வடிவம் என்பதை இயல்பிருப்புக்கு விடாமல், பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுவது இதற்குத் தீர்வு.

தேதியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஜாவாஸ்கிரிப்டை வழங்கியில் ஓட்டும் நோட் மென்பொருள், 2019 அக்டோபரில் வந்த 13-ஆம் பதிப்புக்கு முன்பு, இயல்பாக ஆங்கில மொழித் தரவை மட்டுமே கொண்டிருந்தது. தமிழில் தேதி கேட்டால் பிழை சொல்லாமல் ஆங்கிலத்தில் கொடுத்துவிடும். உலாவியிலோ தமிழ்த் தரவு இருந்தது. ஆகவே பக்கம் ஆங்கில மாதப் பெயருடன் வந்து, சற்று நேரத்தில் தமிழுக்கு மாறியது. பலர் தங்கள் நிரலில் பிழை தேடி அலைந்தனர். இப்போதும் வழங்கியிலுள்ள தரவகப் பதிப்பும் உலாவியிலுள்ள பதிப்பும் வேறுபடலாம். 2022-ல் வந்த சிஎல்டிஆர் 42, ஆங்கில நேரத்தில் முற்பகல், பிற்பகல் குறிகளுக்கு முன்னிருந்த சாதாரண இடைவெளியை ஒடுங்கிய இடைவெளியாக மாற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மாற்றம் பல தளங்களைக் குழப்பியது.

தமிழுக்கே உரிய ஒரு வேறுபாடும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா சனவரி, பெப்ரவரி என்று எழுதுகிறது. சிஎல்டிஆர் தரவகமோ ஜனவரி, பிப்ரவரி என்கிறது. இலங்கையில் யூலை, ஓகஸ்ட் என்ற வடிவங்கள் வழக்கில் உள்ளன. வழங்கி தன் சொற்பட்டியலிலிருந்து சனவரி என்று எழுத, உலாவி தன் தரவிலிருந்து ஜனவரி என்று எழுதினால், ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துமுறை. எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாதப் பெயர்களை ஓரிடத்திலிருந்து மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். வழங்கி எழுதிய பெயரையே உலாவியும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

நேர வலயம் தவறினால் பண இழப்பே ஏற்படலாம். ஆரணிக் கடை, பொங்கல் தள்ளுபடி ஜனவரி 14 இரவு 11:30 மணியோடு முடிகிறது என்று அறிவிக்கிறது. வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குவதால், கவனமின்றி எழுதிய நிரல் இதை மாலை 6:00 என்று காட்டும். அந்நேரம் யாழ்ப்பாணத்தில் இந்தியாவைப் போலவே இரவு 11:30. சிங்கப்பூரில் ஜனவரி 15 அதிகாலை 2:00. டொரான்டோவில் 14-ஆம் தேதி பிற்பகல் 1:00. சேமித்த பிரதியை எல்லாருக்கும் அனுப்பும் வழங்கிக்கு வாசகர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. உலாவிக்குத் தெரியும்.

எனவே ‘ஜனவரி 14, இரவு 11:30, இந்திய நேரம்’ என்று வழங்கி முழுமையாக எழுதிவிட வேண்டும். கணினி படிக்கும் வடிவிலும் அதே நேரத்தை எச்டிஎம்எல்லின் நேரக் குறியில் வைக்க வேண்டும். உயிரூட்டல் முடிந்த பிறகு, உலாவி அதன் அருகில் ‘உங்கள் ஊரில் ஜனவரி 15, அதிகாலை 2:00’ என்று கூடுதலாகச் சேர்க்கலாம். முதலில் எழுதியதை அழித்து மாற்றாமல் பக்கத்தில் சேர்ப்பதால் பொருந்தாமை வராது. நிரல் ஓடாவிட்டாலும் வாசகர் ஏமாற மாட்டார். விலைக்கும் இதே வழி பொருந்தும். ரூபாய் விலை வழங்கியில். நாள்தோறும் மாறும் சிங்கப்பூர் டாலர் மதிப்பு உலாவியில், தோராயம் என்ற குறிப்புடன்.

== வேற்றுமை உருபும் பன்மையும் ==

மொழிபெயர்ப்புச் சொற்றொடர்களில் இடைவெளி விட்டு, பெயரைப் பின்னர் நிரப்புவது வழக்கம். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்தால் போதும், பெயர் மாறுவதில்லை. தமிழில் உருபு பெயரோடு ஒட்டுகிறது, பெயரும் மாறுகிறது. ஆரணி என்பது ஆரணியில் ஆகும், சேலம் சேலத்தில் ஆகும், திருப்பூர் திருப்பூரில் ஆகும். பெயருக்குப் பின் ‘இல்’ என்று மட்டும் ஒட்டும் நிரல் ‘ஆரணிஇல் நெய்தது’, ‘சேலம்இல் நெய்தது’ என்று எழுதும். இத்தகைய தமிழை அரசுத் தளங்களிலும் வங்கிச் செயலிகளிலும் கூடக் காணலாம்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. தரவுத்தளத்தில் ஊர்ப் பெயருடன் ‘ஆரணியில்’, ‘சேலத்தில்’ என்ற வடிவங்களையும் சேமித்து வைத்து, வழங்கியே முழு வாக்கியத்தை அமைக்கலாம். அல்லது ‘நெய்த ஊர்: ஆரணி’ என்று உருபு தேவைப்படாதபடி வாக்கியத்தை மாற்றலாம். இரண்டாவது எளிது, முதலாவது படிக்க இனிது. புணர்ச்சி விதிகளை உலாவி நிரலில் எழுதி அனுப்ப முயல்வது வேண்டாத சுமை. ஊர்ப் பெயர்கள் முன்பே தெரிந்தவை, அவற்றுக்கு விதி தேவையில்லை, பட்டியலே போதும்.

பன்மை அப்படியன்று. கூடையில் எத்தனை சேலைகள் உள்ளன என்பது வாசகர் தொடத் தொட மாறும். ஆகவே பன்மை விதி இரு பக்கமும் இருக்க வேண்டும். தமிழுக்கு ஒன்று, ஏனையவை என்ற இரண்டே வகைகள்: ‘1 சேலை’, ‘5 சேலைகள்’. எண்ணுப் பெயரை அடுத்து அஃறிணைப் பெயர் வரும்போது ‘கள்’ இல்லாமலும் எழுதலாம் என்பதால், ‘5 சேலை’ என்பதும் பிழையன்று. ரஷ்ய, அரபு மொழிகளில் இந்த வகைகள் கூடுதல். ஜாவாஸ்கிரிப்டிலேயே பன்மை வகையைச் சொல்லும் வசதி இருப்பதால் தனியே விதி எழுத வேண்டியதில்லை.

மரியாதை வடிவத்தையும் கவனிக்க வேண்டும். வழங்கியின் சொற்றொடர்களை ஒருவரும் உலாவிக் கூறுகளின் சொற்றொடர்களை வேறொருவரும் மொழிபெயர்த்தால், பக்கத்தின் மேற்பகுதி ‘உள்நுழையவும்’ என்று வேண்ட, கீழே திறக்கும் பெட்டி ‘உள்நுழை’ என்று ஏவும். ஒரே சொற்சேமிப்பைப் பயன்படுத்தினால் இது நேராது.

== எழுத்தின் எடை ==

யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘ஆரணி’ என்பதில் ஆ, ர, ண, இகரக் கொம்பு என நான்கு குறிகள். மொத்தம் 12 பைட்டுகள். அதையே இணைய முகவரியில் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக விரிந்து 36 எழுத்துகள் ஆகும்.

கலப்பு முறையில் இந்த எடை இரட்டிக்கிறது. உயிரூட்டலுக்காக, பக்கத்தில் உள்ள அதே தரவை ஜேசன் வடிவில் இன்னொரு முறை அனுப்ப வேண்டியிருக்கிறது. பிஎச்பியும் பைத்தானும் தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் இயல்பாக ஆறு எழுத்துள்ள ஒரு குறியீடாக மாற்றி எழுதும். ‘ஆரணி’ 24 பைட்டுகளாகிவிடும். அப்படி மாற்றாதே என்று சொல்லும் ஒரு விருப்பத்தேர்வை அமைத்தால் பாதி குறையும். அனுப்பும்போது செய்யும் சுருக்கம் இந்த வேறுபாட்டைப் பெரிதும் ஈடுகட்டும் என்றாலும், விரித்துப் படிக்கும் வேலை கைப்பேசியின் தலையில்தான் விழுகிறது. ஆகவே சேலையின் நெடிய விளக்கம், நெசவு பற்றிய குறிப்பு போன்ற மாறாத பகுதிகளுக்கு உயிரூட்டலே வேண்டாம். கூடை, தேடல் பெட்டி, நேரக் குறிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பலாம். மாறாத உரைக்கடலில் ஆங்காங்கே இயங்கும் திட்டுகள் என்ற பொருளில் இதற்குத் தீவு அமைப்பு என்று பெயர்.

நீளத்தை எண்ணுவதிலும் இரு பக்கமும் வேறுபடலாம். ‘பட்டு’ என்பது தமிழறிந்தவருக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து. பைட்டுகளை எண்ணும் பிஎச்பியின் பழைய செயற்கூறுக்குப் பதினைந்து. விளக்கத்தை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று இரு பக்கமும் தனித்தனியே கட்டளையிட்டால், ஒன்று புள்ளியை இழக்கும், மற்றொன்று எழுத்தையே உடைத்துக் கேள்விக்குறிச் சின்னத்தைக் காட்டும். வெட்டுவதை வழங்கியில் ஒரே முறை, சொல் எல்லையில் செய்துவிடுவது நல்லது. ‘கொ’ போன்ற எழுத்துகளில் மற்றொரு வலை உண்டு. ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாகவும், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுத முடியும். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்தால் ‘கொடி’ என்று தேடுபவருக்குக் கொடிக்கரைச் சேலை கிடைக்கும்.

== பிறர் மொழிபெயர்க்கும்போது ==

தமிழ்ப் பக்கமே இல்லாத தளங்களைப் பலர் குரோம் உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைக் கொண்டு படிக்கின்றனர். அது திரையில் உள்ள உரைத்துண்டுகளை எடுத்துவிட்டு வேறு துண்டுகளை வைக்கிறது. ரியாக்டோ தான் வைத்த துண்டுகள் அப்படியே இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த மாற்றத்தின்போது, நீக்க வேண்டிய துண்டைத் தேடிக் காணாமல் பக்கமே முறிந்துபோவதுண்டு. வாசகர் பார்ப்பது வெற்றுத் திரை. மாறும் எண்களையும் சொற்களையும் தனித்தனி உறைகளில் இட்டு எழுதினால் இந்த முறிவு பெரிதும் குறையும். மொழிபெயர்ப்பையே தடை செய்து குறி வைக்கும் தளங்களும் உள்ளன. தமிழ் வாசகருக்கு அது கதவை அடைப்பதற்குச் சமம்.

== சோதித்துப் பார்க்கும் முறை ==

ஒரு தளம் தமிழை எங்கே உருவாக்குகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். கணினி உலாவியில் பக்கத்தின் மூலத்தைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால், வழங்கி அனுப்பிய எச்டிஎம்எல் அப்படியே தெரியும். திரையில் படித்த தமிழ் வாக்கியம் ஒன்றை அதில் தேட வேண்டும். கிடைத்தால் தமிழ் வழங்கியிலிருந்து வந்தது. கிடைக்காவிட்டால் உலாவியில் பின்னர் சேர்ந்தது. முதல் வரிகளில் உள்ள மொழிப் பண்புக்கூறு தமிழைக் குறிக்கிறதா என்றும் அங்கேயே பார்க்கலாம். அடுத்து, உலாவி அமைப்பில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறக்க வேண்டும். பிறகு அதை இயக்கிவிட்டு, கணினியின் நேர வலயத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றித் திறந்து, எந்தத் தேதிகள் மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘ஆரணி’ கட்டுரையில் முதலில் செய்து பார்த்துவிட்டு, அடுத்து வேறொரு தளத்தில் செய்தால் வேறுபாடு புலப்படும்.